எதையும் விடாத சுறாவும் எடை பார்க்கும் வண்டும்

அமெரிக்காவின் அழிந்துவரும் உயிரினங்கள் சட்டத்தில், மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு விலங்குகள் ஒரே வகுப்புக்கு வந்து சேர்ந்தன. ஒன்று சுமார் மூன்று மீட்டர் வரை வளரும் சுறா. இன்னொன்று கட்டைவிரலின் முதல் கணுவுக்குள் அடங்கிவிடும் வண்டு. பெருங்கடல் வெண்முனைச் சுறா 2018 ஜனவரியில் வந்தது, அமெரிக்கப் புதைவண்டு 2020 அக்டோபரில். இரண்டுக்கும் சட்டம் கொடுத்த பெயர் ஒன்றுதான்: ‘அச்சுறுத்தலுக்கு உள்ளானது’. இன்றே அழிவின் விளிம்பில் இல்லை, ஆனால் நிலைமை இப்படியே போனால் அங்கே போய்ச் சேரும் என்பது அதன் பொருள்.

ஆனால் வந்த வழி வேறு. சுறா வெளியிலிருந்து புதிதாக உள்ளே சேர்க்கப்பட்டது. வண்டோ 1989இலிருந்து 31 ஆண்டுகள் ‘அழியும் நிலையில்’ என்ற அவசரப் பிரிவில் கிடந்துவிட்டு, பொது வார்டுக்கு மாற்றப்பட்டது. உலக அளவிலான சிவப்புப் பட்டியலைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. அங்கே இரண்டுமே ‘மிக அருகிய’ இனங்கள். வண்டுக்கான அந்த மதிப்பீடு 1996ஆம் ஆண்டுடையது, பழசு. சுறாவுடையது 2019இல் வெளியானது.

ஒரே முத்திரை குத்தப்பட்ட இந்த இரண்டு வழக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், முத்திரை நமக்கு எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பது தெரிகிறது. ஒன்றில் கொலையாளி யார் என்று தெரியும், கையைப் பிடிக்கத்தான் முடியவில்லை. மற்றதில் பலியானவரை ஆய்வுக்கூடத்தில் ஆயிரக்கணக்கில் பெருக்கிவிடலாம், கொன்றது யார் என்றுதான் இன்னும் உறுதியாகத் தெரியாது.

நீண்ட கைக்காரன்

சுறாவிலிருந்து தொடங்குவோம். 1822–25இல் உலகைச் சுற்றிய ஒரு பிரெஞ்சுக் கப்பலில் இருந்த இயற்கையியலாளர் ரெனே லெஸ்ஸோன், பசிபிக்கின் துவாமோத்து தீவுகள் பக்கம் இதைப் பார்த்து 1831இல் விவரித்தார். பிறகு 1861இல் கியூபாவின் ஃபெலிப்பே போயி வைத்த ‘லாங்கிமானஸ்’ என்ற பெயர்தான் நிலைத்தது. நீண்ட கையுடையது என்று பொருள். மார்புத் துடுப்புகள் அவ்வளவு நீளம், அகலம். முதுகுத் துடுப்பும் பெரிது, நுனி கூராக இல்லாமல் வட்டமாக இருக்கும். அந்த நுனிகளில் சுண்ணாம்பு தொட்டு வைத்ததுபோல வெள்ளைத் திட்டு. எந்தச் சுறாவின் துடுப்பு என்று சொல்வதற்கு நிபுணர்களே தடுமாறும் சந்தையில், இந்த ஒன்றை மட்டும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். இந்த விஷயத்துக்குப் பின்னால் திரும்ப வருகிறேன்.

வாழ்வது கரையிலிருந்து வெகுதூரத்தில், ஆழ்கடலின் மேல் அடுக்கில். 20 பாகை செல்சியஸுக்கு மேல் வெப்பமுள்ள நீர்தான் பிடிக்கும், பெரும்பாலும் மேலே உள்ள 200 மீட்டருக்குள்ளேயே சுற்றும். நடுக்கடல் என்பது உணவைப் பொறுத்தவரை பாலைவனம். அதனால் இந்தச் சுறாவுக்கு ஒரு குணம் படிந்திருக்கிறது: எதிர்ப்படும் எதையும் சோதித்துப் பார்க்காமல் விடாது. மீன், கணவாய், கடற்பறவை, மிதக்கும் திமிங்கிலப் பிணம், கப்பலிலிருந்து கொட்டும் குப்பை எல்லாம் அதற்கு ஒன்றுதான். வேகமாகப் பாயாது, மெதுவாக வட்டமடித்துத் திரும்பத் திரும்ப வரும். விரட்டினாலும் போகாது. 1945 ஜூலையில் பசிபிக்கில் அமெரிக்கப் போர்க்கப்பல் ‘இண்டியானாபொலிஸ்’ மூழ்கியபோது தண்ணீரில் தத்தளித்த மாலுமிகளைத் தாக்கிய சுறாக்களில் பெரும்பகுதி இந்த இனமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. கடலோடிகளிடம் இதற்குக் கெட்ட பெயர் வந்ததில் ஆச்சரியமில்லை.

அப்போது அது எவ்வளவு இருந்தது என்பதுதான் முக்கியம். 1969இலேயே, நூறு பவுண்டுக்கு மேல் எடையுள்ள விலங்குகளில் உலகிலேயே எண்ணிக்கையில் அதிகமானது இதுவாக இருக்கக்கூடும் என்று சுறா ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். யானையை, மாட்டை, மனிதனை எல்லாம் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. கொஞ்சம் மிகையாகவே இருக்கட்டும். அப்படி ஒருவருக்கு எழுதத் தோன்றும் அளவுக்கு அது கடல் முழுக்க இருந்தது.

குட்டி போடுவதில் மட்டும் சிக்கனம். பத்து மாதம் முதல் ஓராண்டு வரை சுமக்கும். ஒரு ஈற்றில் ஒன்று முதல் பதினைந்து வரை, சராசரியாக ஐந்தாறு. அப்புறம் ஓர் இடைவெளி விட்டுத்தான் அடுத்தது. பல சுறாக்களைப் பார்க்க இது மோசமில்லை என்றாலும், சூரை மீன் லட்சக்கணக்கில் முட்டை விடும் அதே கடலில், அதே தூண்டிலில் மாட்டும் விலங்குக்கு இது மிகவும் குறைவு.

பிணத்தில் குடித்தனம்

வண்டின் கதையில் நான் கொஞ்சம் அதிக நேரம் நிற்கப் போகிறேன், ஏனென்றால் அதன் வாழ்க்கையைப் புரிந்துகொள்ளாமல் அதன் பிரச்சினை புரியாது.

அமெரிக்கப் புதைவண்டு 25 முதல் 35 மில்லிமீட்டர் நீளம். வட அமெரிக்காவில் பிணம் தின்னும் வண்டுகளிலேயே இதுதான் பெரியது. பளபளக்கும் கறுப்பு உடல், இறக்கை உறையில் நான்கு செம்மஞ்சள் திட்டுகள், தலைக்குப் பின்னால் கழுத்துக் கவசத்திலும் ஒரு பெரிய செம்மஞ்சள் வட்டம். இந்தக் கடைசி அடையாளம் இதன் பங்காளி இனங்கள் எதற்கும் கிடையாது.

இரவில் பறக்கும். உணர்கொம்பின் நுனியிலுள்ள குமிழ்களால் செத்த உடலின் வாசனையை வெகுதூரத்திலிருந்தே பிடித்துவிடும். செத்தது எலியோ பறவைக் குஞ்சோ, அங்கே முதலில் ஒரு சண்டை நடக்கும். ஆண்கள் ஆண்களோடும் பெண்கள் பெண்களோடும் மோதி, பெரும்பாலும் உடல் பெரிதான ஒரு ஜோடி வெல்லும். வென்ற ஜோடி பிணத்துக்கு அடியில் மண்ணைத் தோண்டித் தோண்டி, விடிவதற்குள் அதை உள்ளே இறக்கிவிடும். தரை கட்டியாக இருந்தால், மல்லாந்து படுத்துக் கால்களால் தள்ளித் தள்ளி இளகிய மண் இருக்கும் இடம் வரை கொண்டுபோகும். தன் எடையைவிடப் பல மடங்கு எடை அது.

மண்ணுக்குள் போனபின் முடியையோ இறகையோ மழித்து, உடலை உருண்டையாக்கி, வாயிலிருந்தும் பின்புறமிருந்தும் சுரக்கும் திரவத்தைப் பூசி அழுகலைத் தள்ளிப்போடும். பக்கத்து மண்ணில் முட்டை. சில நாளில் புழுக்கள் பொரித்து உருண்டையின் மேலுள்ள குழிக்கு வந்து சேரும். அங்கே தாயும் தகப்பனும் காத்திருந்து, பறவை குஞ்சுக்கு ஊட்டுவதுபோல, தின்றதைக் கக்கி ஊட்டும். பூச்சி உலகில் இரண்டு பெற்றோரும் சேர்ந்து பிள்ளை வளர்ப்பது அபூர்வம். இதில் உருக்கமாகி விடவும் வேண்டாம். பிணத்தின் அளவுக்கு அதிகமாகப் புழுக்கள் பிறந்துவிட்டால், அதே பெற்றோர் மிஞ்சியதைத் தின்று கணக்கைச் சரிசெய்துவிடும்.

வண்டின் உடலில் சின்னஞ்சிறு உண்ணிகள் தொற்றிக்கொண்டு வரும். பிணத்தை அடைந்ததும் அவை இறங்கி ஈயின் முட்டைகளைத் தின்னும். வண்டுக்கு ஈ போட்டியாளர் என்பதால் இது நல்ல ஒப்பந்தம். வெண்முனைச் சுறாவோடும் பட்டை போட்ட சிறு மீன்கள் கூட்டமாகக் கூடவே வரும். வேட்டைக்குத் தனியாகப் போகத் தெரியாத இனங்கள் போலிருக்கிறது இரண்டும்.

இந்த விவரங்களுக்கு நடுவே வழக்கின் திறவுகோல் ஒளிந்திருக்கிறது: எடை. இந்த வண்டு தனக்கு இரை தேடும்போது பெரிதாக அலட்டிக்கொள்ளாது, மற்றப் பூச்சிகளையும் தின்னும். ஆனால் பிள்ளை பெறத் தோதான பிணம் சுமார் 80 முதல் 200 கிராம் வரை இருக்க வேண்டும். சுண்டெலி போதாது. பெரிய முயலைப் புதைக்க முடியாது. இரண்டுக்கும் நடுவே ஓர் அளவு, அதுவும் புதிதாகச் செத்தது, அதுவும் வேறு யாரும் தூக்கிப்போகும் முன். பங்காளி இனங்கள் இதைவிடச் சின்னப் பிணத்திலும் குடும்பம் நடத்திவிடும். பெரியவனாக இருப்பதன் விலை இது.

ஆயுள் ஏறக்குறைய ஓராண்டு. ஒரு வருடம் தவறினால் அந்தத் தலைமுறையே போச்சு.

குறைந்தது என்று எப்படித் தெரியும்?

சுறாவையும் சரி, வண்டையும் சரி, யாரும் பழைய காலத்தில் எண்ணி வைக்கவில்லை. சான்றுகள் வேறு எதற்காகவோ சேர்த்த பொருள்களிலிருந்து வந்தன.

வண்டுக்கு உதவியவை அருங்காட்சியக இழுப்பறைகள். ஊசி குத்தி வைத்த வண்டுகளுக்குக் கீழே ஊர், தேதி எழுதிய சின்னச் சீட்டு இருக்கும். அந்தச் சீட்டுகளை அடுக்கிப் பார்த்தபோது, ஒரு காலத்தில் இந்த வண்டு அமெரிக்காவின் 35 மாநிலங்களிலும் கனடாவின் தென்கிழக்குப் பகுதிகளிலும் இருந்தது தெரிந்தது. 1920களுக்குள் கிழக்கில் பெரும்பாலான இடங்களில் சீட்டுகள் நின்றுபோயின. 1989இல் சட்டப் பாதுகாப்பு கிடைத்தபோது தெரிந்திருந்தவை இரண்டே கூட்டங்கள். ஒன்று ரோட் ஐலண்ட் மாநிலத்தைச் சேர்ந்த பிளாக் ஐலண்ட் என்ற சுமார் 25 சதுர கிலோமீட்டர் தீவில், மற்றது ஓக்லஹோமாவின் கிழக்கே.

சுறாவுக்கு உதவியவை சூரை மீன்பிடிப் பதிவுகள். 1950களில் மெக்சிகோ வளைகுடாவில் சூரை எங்கே கிடைக்கும் என்று தேடி அமெரிக்க அரசுக் கப்பல்கள் ஆயிரங்கால் தூண்டில் போட்டன. கிலோமீட்டர் கணக்கில் நீளும் ஒரு கயிறு, அதிலிருந்து தொங்கும் நூற்றுக்கணக்கான முட்கள். சூரையோடு வெண்முனைச் சுறாவும் மாட்டிக்கொண்டே இருந்தது. அது தொல்லை என்பதால்தான் குறித்து வைத்தார்கள். 2004இல் ஜூலியா பாம், ரான்சம் மையர்ஸ் என்ற ஆய்வாளர்கள் அந்தப் பதிவுகளை 1990களின் பதிவுகளோடு ஒப்பிட்டு, அங்கே இந்தச் சுறா 99 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

உடனே எதிர்ப்பு வந்தது. அடுத்த ஆண்டே வேறு சில சுறா அறிஞர்கள் கேட்ட கேள்வி நியாயமானது. 1950களில் முள்ளுக்கு முன்னால் கட்டியது எஃகுக் கம்பி. 1990களில் கட்டியது நைலான் நரம்பு. எஃகைச் சுறாவால் கடிக்க முடியாது. நரம்பைக் கடித்துவிட்டுப் போய்விடும். தூண்டில் இறங்கும் ஆழமும் மாறியிருந்தது. அப்படியானால் குறைந்தது சுறாவா, மாட்டும் சுறாவா?

சர்ச்சை நீண்டது. பிறகு மேற்கு, மத்திய பசிபிக்கிலிருந்து வந்த மதிப்பீடுகள் வேறு தரவுகளைக் கொண்டு ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்து சேர்ந்தன. 2019இல் அங்கே நடந்த மதிப்பீட்டின்படி, மீன்பிடிப்பே இல்லாதிருந்தால் குட்டி போடும் வயதுச் சுறாக்களின் மொத்த எடை எவ்வளவு இருந்திருக்குமோ, அதில் மிஞ்சியது 5 சதவீதத்துக்கும் குறைவு. ஆக 99 என்ற துல்லியத்தில் சண்டை போடலாம், சரிவில் அல்ல. அந்த எஃகுக் கம்பியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

யார் செய்தது?

சுறா விஷயத்தில் துப்பறிய ஒன்றுமில்லை. மீன்பிடிப்புதான். சூரையையும் வாள்மீனையும் குறிவைத்துப் போடும் தூண்டில் இறங்குவது இந்தச் சுறா திரியும் அதே மேல் அடுக்கில். எதையும் சோதித்துப் பார்க்கும் அதன் குணம், பாலைவனக் கடலில் இலட்சக்கணக்கான ஆண்டுகள் அதை வாழவைத்த குணம், இரை கோத்த முள்ளுக்கு முன்னால் சாபமாகிவிட்டது. இதற்கு மேல், பெரிய துடுப்பு. ஹாங்காங் சந்தையில் இதற்கென்றே தனி வணிகப் பெயர் உண்டு. அங்கே ஏலத்துக்கு வந்த துடுப்புகளை ஆராய்ந்த ஷெல்லி கிளார்க் குழு, 2000ஆம் ஆண்டை ஒட்டி உலகச் சந்தைக்குப் போன வெண்முனைச் சுறாக்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு லட்சத்திலிருந்து பன்னிரண்டு லட்சம் வரை இருக்கலாம் என்று கணக்கிட்டது. வேண்டாமல் மாட்டினாலும் வீசிவிட மனம் வராத பொருள் அது.

வண்டு விஷயத்தில் சந்தேக வளையத்தில் நிறையப் பேர். பூச்சிமருந்தா? டிடிடி பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. அதற்கு முன்பே கிழக்கில் வண்டு மறைந்துவிட்டது. மின்விளக்கா? இரவில் பறக்கும் பூச்சி, காலமும் ஒத்துப்போகிறது. ஆனால் அதே காட்டில் அதே இரவில் பறக்கும் பங்காளி இனம் ஒன்று இன்றும் தாராளமாக இருக்கிறதே. நோயா? வண்டுக்கு மட்டும் வந்த நோய்க்குத் தடயம் கிடைக்கவில்லை.

மிஞ்சுவது எடைக் கணக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட அமெரிக்காவில் பயணிப் புறாக்கள் கோடிக்கணக்கில் அல்ல, நூறு கோடிக் கணக்கில் இருந்தன. அவற்றின் குஞ்சுகள் வண்டுக்கு அளவெடுத்துத் தைத்தாற்போன்ற எடை. கடைசிப் பயணிப் புறாவான மார்த்தா 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி மிருகக்காட்சிசாலையில் செத்தது. புல்வெளிக் கோழிகளும் பெரும்பகுதி போயின. மறுபக்கம், காடு துண்டு துண்டாக வெட்டப்பட்டு விளிம்புகள் பெருகின, ஓநாய் போன்ற பெரிய வேட்டையாடிகள் ஒழிக்கப்பட்டன. அந்த விளிம்புகளில் ரக்கூன், ஸ்கங்க், ஒப்பாசம் போன்ற நடுத்தர விலங்குகள் கொழித்தன. அவற்றுக்கும் செத்த புறாக்குஞ்சு பிடிக்கும். வண்டு வாசனை பிடித்து வருவதற்குள் பிணம் காலி.

2002இல் டெரெக் சைக்ஸும் கிறிஸ்டோபர் ரெய்த்தலும் எல்லாக் கருதுகோள்களையும் ஒன்றாக அலசியபோது தாக்குப்பிடித்தது ஏறக்குறைய இந்த விளக்கம்தான். பிளாக் ஐலண்ட் இதற்குச் சாட்சி சொல்கிறது. அந்தத் தீவில் நரி, ரக்கூன், ஸ்கங்க் எதுவும் கிடையாது. வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட ஃபெசன்ட் பறவைகள் உண்டு, குஞ்சுகள் சரியான எடையில் கிடைக்கின்றன. புறா போன இடத்தில் ஓர் அந்நியப் பறவை வண்டுக்குச் சோறு போடுகிறது. சூழலியலில் அந்நிய இனம் என்றாலே வில்லன் என்று எழுதிப் பழகிய எங்களைப் போன்றவர்களுக்கு இது சங்கடமான சாட்சிதான்.

இருந்தாலும் இது சூழ்நிலைச் சான்றே. சுறாவின் வயிற்றில் முள் இருப்பதுபோல, கையும் களவுமாகப் பிடித்தது அல்ல.

மருத்துவம்

கொலையாளி தெரிந்தால் வைத்தியம் சுலபம் என்று நினைப்போம். நடந்தது தலைகீழ்.

சுறாவுக்குக் கட்டளைகள் குவிந்தன. அட்லாண்டிக் சூரை ஆணையம் 2010இல் இந்தச் சுறாவைக் கப்பலில் வைத்திருப்பதையே தடைசெய்தது. 2011இல் பசிபிக்கின் இரண்டு ஆணையங்கள், 2013இல் இந்தியப் பெருங்கடல் ஆணையம். 2013 மார்ச்சில் பாங்காக்கில் கூடிய வனவிலங்கு வணிக உடன்படிக்கை மாநாடு இதை இரண்டாம் இணைப்பில் சேர்த்தது, அதாவது அனுமதியோடுதான் பன்னாட்டு வணிகம். 2025 இறுதியில் சமர்கண்டில் அதை முதல் இணைப்புக்கே உயர்த்தினார்கள், அதாவது பன்னாட்டு வணிகம் கிடையாது. நுனியில் வெள்ளை இருப்பதால் சுங்கத்தில் துடுப்பை அடையாளம் காண்பதும் எளிது. ஆரம்பத்தில் சொன்னது இதைத்தான்: விற்பனைக்கு உதவிய துடுப்பே பிடிபடவும் உதவுகிறது.

ஆனால் ‘வைத்திருக்காதே’ என்ற கட்டளை முள்ளுக்குத் தெரியாது. தூண்டில் மணிக்கணக்கில் நீரில் கிடக்கிறது. கப்பலுக்குப் பக்கத்தில் இழுத்து வரும்போதே சில செத்திருக்கும். உயிரோடு விட்டதிலும், முள்ளோடும் நீண்ட நரம்போடும் போனது எத்தனை நாள் பிழைக்கும் என்பது அறுத்துவிடும் ஆளின் கையில் இருக்கிறது.

இங்கேதான் எஃகுக் கம்பி திரும்ப வருகிறது. 2004இன் கணக்கைச் சந்தேகப்பட வைத்த அதே விவரம், நரம்பைச் சுறா கடித்துவிட்டுப் போய்விடும் என்பது, இப்போது மருந்தாகியிருக்கிறது. ஹவாயின் ஆழ்நிலைத் தூண்டில் கப்பல்கள் 2021இல் தாமாகவே எஃகைக் கைவிடத் தொடங்கின, 2022இல் அது அரசு விதியாயிற்று. அதே ஆண்டு மேற்கு, மத்திய பசிபிக் ஆணையமும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 20 பாகையிலிருந்து தெற்கே 20 பாகை வரை எஃகுக் கம்பிக்குத் தடை போட்டது, 2024இலிருந்து அமல். மீனவர்கள் எஃகைக் கட்டியதற்குச் சுறாவைப் பிடிக்கும் ஆசை மட்டும் காரணமில்லை. நரம்பு இழுபட்டு அறுந்தால் அதிலுள்ள ஈயக் குண்டு சுண்டித் தெறித்து ஆளை அடிக்கும். அதனால் இந்த மாற்றத்தைச் சட்டம் போட்டு ஒரே நாளில் செய்துவிட முடியாது. கப்பல் தளத்தில் வேலை செய்கிறவன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வண்டுக்கு வைத்தியம் கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் வேலை செய்கிறது. ஒரு வாளி மண், ஒரு செத்த காடை, ஒரு ஜோடி வண்டு. ஒன்றரை, இரண்டு மாதத்தில் பத்துப் பதினைந்து புது வண்டுகள். ரோட் ஐலண்டின் ராஜர் வில்லியம்ஸ் பூங்கா விலங்குக்காட்சிசாலை 1990களிலிருந்து இதைச் செய்கிறது. அங்கே வளர்ந்தவற்றை நான்டக்கெட் தீவில் 1994இல் விடத் தொடங்கினார்கள், 2006 வரை விட்டார்கள். செயின்ட் லூயி விலங்குக்காட்சிசாலை 2012இல் மிசௌரியின் வா-கான்-டா புல்வெளியில் விட்டது. விடுவது என்றால் திறந்துவிடுவது அல்ல. குழி தோண்டி, காடையையும் ஜோடியையும் உள்ளே வைத்து மூடிக் கல்யாணம் செய்து வைப்பது.

நான்டக்கெட்டில் வண்டு ஆண்டுக்கணக்கில் நிலைத்தது. மனிதர்கள் காடை வைத்துக்கொண்டிருந்த வரை. அதைக் குறைத்ததும் எண்ணிக்கை சரிந்தது. பெருக்குவது எளிது, குடியமர்த்துவது கடினம் என்பதற்கு இதைவிடத் தெளிவான பரிசோதனை வேண்டியதில்லை. நோயின் காரணம் பிணத் தட்டுப்பாடு என்ற ஊகத்துக்கும் இது வலுவான ஆதரவு என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

வெண்முனைச் சுறாவை வாளியில் வளர்க்க முடியாது. அதற்கு ஒரே வைத்தியம், கொல்வதை நிறுத்துவது. வண்டை யாரும் கொல்லவே இல்லை, அதனால் நிறுத்தவும் எதுவுமில்லை.

ஒரே சட்டம், இரண்டு துறைகள்

சுறாவைப் பார்த்துக்கொள்வது தேசியக் கடல் மீன்வளத் துறை. வண்டைப் பார்த்துக்கொள்வது மீன், வனவிலங்குச் சேவை. ‘அழியும் நிலையில்’ உள்ள இனத்தைக் கொல்வதோ பிடிப்பதோ சட்டப்படியே குற்றம். ‘அச்சுறுத்தலுக்கு உள்ளான’ இனத்துக்கு அப்படி இல்லை. துறை ஒரு விதி எழுதினால்தான் தடை வரும். இந்தச் சின்ன வேறுபாட்டில் பெரிய அரசியல் அடங்கியிருக்கிறது.

சுறாவைச் சேர்த்தபோது அப்படி விதி எழுதவில்லை. 2024 மே மாதத்தில்தான் ஒரு வரைவு முன்வைக்கப்பட்டது. வண்டைக் கீழிறக்கியபோது விதியும் கூடவே வந்தது, ஆனால் பெரும்பாலும் தளர்த்துவதற்காக. மண்ணைக் கிளறும் எந்த வேலையும், எண்ணெய்க் குழாயோ சாலையோ, குளிர்காலத்தில் மண்ணுக்குள் தூங்கும் இந்த வண்டை நசுக்கக்கூடும். நெப்ராஸ்காவின் மணற்குன்றுகள் வழியே திட்டமிட்ட கீஸ்டோன் எக்ஸ்எல் குழாய் விவகாரத்தில் வண்டும் ஒரு கட்சிக்காரர். 2015இல் எண்ணெய்த் துறை சார்ந்த அமைப்புகள் வண்டைப் பட்டியலிலிருந்தே நீக்கக் கேட்டு மனுப் போட்டன. 2020இல் வந்தது நடுவழி: நீக்கவில்லை, இறக்கினார்கள். தெற்குச் சமவெளியில், அதாவது ஓக்லஹோமாவிலும் அதன் சுற்றுப்புறத்திலும், பாதுகாப்புக்கென்று ஒதுக்கிய நிலங்களுக்கு வெளியே, வேலையின் போக்கில் வண்டு செத்தால் குற்றமில்லை.

முரண் என்னவென்றால், அதே தெற்குச் சமவெளிக் கூட்டங்கள்தான் வெப்பம் ஏறுவதால் இந்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் போய்விடும் என்று மீன், வனவிலங்குச் சேவையின் சொந்த மதிப்பீடே சொல்கிறது. ஆக, இறக்கியதற்கு அறிவியல் காரணம் வேறு எங்கே இருந்து வந்தது? எண்ணிக்கையிலிருந்து. 1989இல் இரண்டு கூட்டம். பிறகு நெப்ராஸ்கா, தெற்கு டகோட்டா, கேன்சஸ், ஆர்கன்சா, டெக்சஸ் என்று கண்டுபிடித்துக்கொண்டே போனார்கள். வண்டு அங்கெல்லாம் புதிதாகப் பரவவில்லை, முன்பே இருந்தது. சட்டம் வந்ததால் சாலை போடுகிறவனும் குழாய் பதிக்கிறவனும் முதலில் அழுகிய எலியோ கோழியோ வைத்த குழிப்பொறி போட்டு வண்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதாயிற்று. தேடினார்கள், கிடைத்தது. வண்டைக் கண்டாலே ஆகாத தொழில்காரர்கள் கொடுத்த காசிலேயே வண்டின் வரைபடம் விரிந்தது.

என் கணிப்பில், 1989இன் பட்டியலிடல் அப்போது தெரிந்ததை வைத்துச் சரி, 2020இன் கூட்டங்களின் கணக்கும் சரி. தவறு என்று நான் நினைப்பது, அதிகம் கண்டுபிடித்ததை மீட்சி என்று வாசித்த இடத்தை. பழைய வாழிடத்தில் பெரும்பகுதி இன்றும் காலியாகத்தான் கிடக்கிறது.

சுறாவுக்கு இதே சிக்கல் எதிர்த் திசையில் காத்திருக்கிறது. கடலில் அதை எண்ணும் ஒரே பெரிய கருவி, மாட்டிய கணக்கு. எஃகு போய் நரம்பு வந்தபின், நரம்பைக் கடித்துவிட்டுப் போகும் சுறாக்களைக் கப்பலில் இருக்கும் பார்வையாளர் பார்ப்பதே இல்லை. இனம் மெல்லப் பெருகினாலும் ஏட்டில் எண் குறைந்தே தெரியும். தொடர்ந்து குறைந்தாலும் அப்படியேதான் தெரியும். ஹவாயில் எஃகை விட்ட பிறகு வரும் ஒவ்வோர் ஆண்டின் பதிவையும் இந்த ஒரு கேள்வியோடுதான் படிக்க வேண்டியிருக்கிறது. 2005இல் கேட்ட அதே கேள்வி: குறைந்தது சுறாவா, மாட்டும் சுறாவா?